மலையகத்தின் காலைப் பசி

தோட்டப் பாடசாலைகளில் முற்பகல் பத்து மணிக்கே சோர்ந்து மேசைமீது தலைசாய்க்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அன்று காலை அப்பிள்ளை உண்டது யாது என நாம் வினவுவோமாயின், ஒன்றரை நூற்றாண்டு வரலாறு நம்முன் வந்து நிற்கும்.

ரொட்டி, சிறிது சம்பல், பாலில்லாத தேநீர். அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் பல லயங்களின் காலை உணவு இதுவே. தோட்ட மக்களின் பழக்கம் அது என்பார் உளர். பழக்கமும் ஒரு காலத்தில் எவராலோ, எதனாலோ உண்டாக்கப்பட்டதன்றோ?

இம்மக்களின் முன்னோர் தமிழகத்திலே கூழும் பழஞ்சோறும் உண்டவர்கள். 1876-78 பெரும்பஞ்சம் பலரைக் கடல் கடக்கச் செய்தது. சோறு தேடி வந்தவர்க்குத் தோட்டம் அரிசி அளந்தது. அதன் விலையைக் கூலியிலே கழித்துக்கொண்டது. அவ்வரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகவே வரவு நின்றது. கூப்பன் அரிசி குறைந்தது; கோதுமை மாவு அடுப்படிக்குள் புகுந்தது.

போர் முடிந்தும் மாவு நிலைத்தமைக்குப் பிரட்டுக்களமும் ஒரு காரணம். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய பேர் போயிற்று. இருளில் எழுந்து, தண்ணீர் சுமந்து, விறகு மூட்டி, பிள்ளைகளையும் கவனித்துவிட்டு மலையேற வேண்டிய பெண்ணுக்கு விரைவில் சுடக்கூடியதும் மடித்து எடுத்துச் செல்லக்கூடியதும் ரொட்டியே. எல்லோருக்கும் கொடுத்தபின் எஞ்சியதே அவள் பங்கு. அவளுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்ததும் 1984 இல்தான்.

இவ்வுணவு உடலுக்குச் செய்வதென்ன? இரவெல்லாம் உண்ணாதிருக்கையில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு பெரிதும் குறைகிறது. வெள்ளை மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையாகி, விரைவிலேயே தீர்ந்தும் போகிறது. பயறோ முட்டையோ சேருமாயின் பசி பின்தள்ளப்படும். சீனி கலந்த தேநீர் களைப்பைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி நீக்காது. அதனினும் கொடிது, தேநீரின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. உலகுக்குத் தேயிலை கொடுப்பவளின் இரத்தத்தை அத்தேயிலையே வெளிறச் செய்கிறது!

அந்த ரொட்டிக்கும் உறுதியில்லை. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2022 நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காக ஏறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழகம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சம் விரட்டிய மக்களின் தாய்நிலம் கற்ற பாடம் இது: பிள்ளையின் காலைப் பசி குடும்பத்தின் தனிக் கவலையன்று.

சத்துணவு பற்றி லயத்து மக்களுக்கு அறிவுரை கூறுமுன், பயறு வாங்கப் போதிய கூலியும், அதனை அவித்து அமர்ந்துண்ணப் போதிய நேரமும் அவர்களுக்கு உண்டா என்று நாம் கேட்போம். இல்லையெனில், அவ்விரண்டிற்காகவும் குரல் கொடுப்பதே ஆசிரியராகிய நமது முதற் கடமை.