அடகு, துண்டு, ரசீது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். அவருடைய மகன் எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். சவுதிக்குப் போக ஏற்பாடு நடக்கிறது. மண்ணடியில் ஒருவர் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. இந்தக் கணக்கு சரியான்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

தாளில் ஐந்து வரிகள். மெடிக்கல், டிரேட் டெஸ்ட், டிக்கெட், சர்வீஸ் சார்ஜ், இதர செலவு. எதற்கும் எதிரே தொகை இல்லை. அடியில் மட்டும் 1,40,000 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கார்பன் காகிதம் வைத்து எத்தனை ஆயிரம் ரசீது எழுதியிருப்பேனோ தெரியாது. அந்தத் தாளைப் பார்த்ததும் பழைய நினைவு ஒன்று வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் செலவு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. அதன் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை பிரெஞ்சுக்காரர்கள் 'அங்காஜே' என்று எழுதினார்கள். ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவன் என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் 'காஜ்' என்ற சொல் இருக்கிறது. காஜ் என்றால் அடகுப் பொருள். நகையை அடகு வைப்பதற்கும் அதே சொல்தான். பள்ளியில் இதைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது: பிரெஞ்சுக்காரர்கள் ஒளிவுமறைவு இல்லாமல்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியோன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்குக் கப்பல்கள் போயின. ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் பிரெஞ்சுக்காரர்கள் ஆள் எடுக்க 1861-இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. ரெயூனியோனில் நம் ஆட்கள் பட்ட பாடு வெளியே தெரிந்து, 1882-இல் அங்கே ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு நிறுத்தியது.

சென்னையிலும் இதே வியாபாரம் நடந்தது. 1860 அக்டோபர் 12-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் இங்கிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. மசூலா படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். கப்பல் கட்டணம் இல்லை, சாப்பாடு இலவசம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு. தொழிலாளி கையிலிருந்து ஒரு காசு வாங்கவில்லை. பதிலாக ஐந்து வருட உழைப்பை எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம்.

அதோடும் முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே தங்குகிறவர்கள் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு 1895-இல் சட்டம் போட்டது. பத்து ஷில்லிங் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். 1913-இல் காந்தி நடத்திய போராட்டத்தில் சுரங்கத்தை விட்டும் தோட்டத்தை விட்டும் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தது இந்த வரியை எதிர்த்தும்தான். 1914-இல் அது ரத்தானது. இலவசம் என்று சொல்லி ஏற்றிய பயணத்துக்கான பில், முப்பத்தைந்து வருடம் கழித்து வந்தது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறை. கங்காணி வெளியாள் அல்ல. நம் ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரரே. முன்பணம் கொடுப்பார். வழிச் சாப்பாடு, துணிமணி, படகுக் கூலி எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றுவார். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போதே தொழிலாளி கடனாளி.

இலங்கையில் இந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயரே 'துண்டு'. நம் தமிழ்ச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதித் தருவது துண்டு. அடுத்த தோட்டத்துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, ஆள் மட்டும் கைமாறுவான். 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

மலாயாவில் 1908-இல் முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு நிதி அமைத்தார்கள். கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போகும், தொழிலாளி தலையில் ஏறாது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களைத் தங்கவைக்க முகாம்கள் இருந்தன. செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1922-இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அது தோட்டக் கூலிகளை மனத்தில் வைத்து எழுதியது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகள் ஃபிட்டர், வெல்டர், மேசன் என்று கூப்பிட ஆரம்பித்தபோது நம்மிடம் இருந்தது அந்தப் பழைய சட்டம்தான். தெருவுக்குத் தெரு ஏஜென்ட் முளைத்தது அந்தக் காலத்தில்தான்.

இப்போது என் கதை. 1979-இல் என் மனைவியின் தம்பி எண்ணூரில் ஃபிட்டராக இருந்தான். துபாய் என்றார் ஒருவர். 6,500 ரூபாய். என் மனைவியின் நான்கு வளையல்களை அடகு வைத்து, நானே கொண்டுபோய் என் கையால் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டு, காபி வாங்கிக் கொடுத்தார். பம்பாய் போ, அங்கே ஆள் வந்து பார்ப்பார் என்றார். மைத்துனன் போனான். நாற்பது நாள் ஒரு லாட்ஜில் பதினோரு பேரோடு படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தான். காபி வாங்கிக் கொடுத்தவரைக் காணோம். புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்ட கேள்வி, "ரசீது இருக்கா?"

நாள் பூராவும் அடுத்தவர்களுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்த நான் கேட்டு வாங்கவில்லை. கேட்டால் அவர் மனம் கோணுமோ, வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம். தமிழக அரசே 1978-இல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. அரசு ஊழியனான எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. வளையலை மீட்க மூன்று வருடம் ஆனது. என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

1983-இல் புதுச் சட்டம் வந்தது. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஜாமீன் தொகை கட்ட வேண்டும், வரம்புக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதினார்கள். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்கவில்லை. ஆனால் நம் தெருவுக்கு வருகிறவர் அவர்தான்.

2009-இல் கட்டண வரம்பு 45 நாள் சம்பளம், அதிகபட்சம் 20,000 என்று ஆனது. இன்று 30,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். பத்தாவது தேறாதவர்கள் சவுதி போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்குக் கட்டணம் 200 ரூபாய். கட்டாயக் காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375. மெடிக்கலுக்குப் பரிசோதனை மையமே பில் தரும். டிக்கெட்டைப் பல ஒப்பந்தங்களில் முதலாளியே கொடுக்கிறார்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருடன் உட்கார்ந்து எழுதினேன். தாராளமாகப் போட்டும் 55,000-ஐத் தாண்டவில்லை. மீதி 85,000 எதற்கு? அந்த 'இதர' என்ற ஒரு சொல்லுக்கு.

அடுத்த கணக்கு இன்னும் கசப்பு. நகையை வைத்து 60,000, மூன்று வட்டிக்கு 80,000 என்று ஏற்பாடு செய்திருந்தார். மாத வட்டி மட்டும் 2,400. இரண்டு வருட ஒப்பந்தம் முடிவதற்குள் 57,600. நகை வட்டியை விட்டுவிட்டாலும் மொத்தம் 1,97,600. பையனின் சம்பளம் நம் பணத்தில் 26,000. ஏழரை மாதம் ஏஜென்டுக்கும் வட்டிக்காரருக்கும் வேலை செய்ய வேண்டும்.

தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கவே கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 1908-இல் மலாயாவில் பேசியதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தொழிலாளியின் கடனுக்குக் காகிதம் இருந்தது, அது துரையின் பெட்டியில் இருந்தது. இன்று அவன் கொடுத்த பணத்துக்கு எங்குமே காகிதம் இல்லை.

படித்த பிள்ளைகள் கனடா, ஆஸ்திரேலியா என்று போகிறார்களே, அங்கேயும் கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஆலோசகர் அரசிடம் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவருடைய கட்டணம் வேறு, அரசுக்குக் கட்டும் விசா கட்டணம் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி ஒரே தொகை கேட்பவரிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். விசா நிச்சயம் என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுப்பது அந்த நாட்டு அரசு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் சொன்னேன். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். பணம் வங்கி மூலம்தான். ஒவ்வொரு வரிக்கும் தொகை, ரசீது.

"ரசீது கேட்டா வேற பையனைப் பாத்துக்குவாங்க சார்" என்றார். 1979-இல் நான் நினைத்த அதே நினைப்பு.

இருந்தாலும் பையன் கேட்டிருக்கிறான். மண்ணடிக்காரர் முதலில் கோபப்பட்டார். பிறகு பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். எண் சரியாக இருந்தது. 35,400-ஐ வங்கியில் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார்கள். 'இதர' 85,000-இலிருந்து 40,000-க்கு இறங்கியது. அதற்கு ரசீது இல்லை. கொடுக்காதீர்கள், பாதுகாவலர் அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறேன் என்றேன். அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கொடுத்துவிட்டார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு கோபிப்பது?

ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். பையன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினான். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை ஐந்நூறு ரூபாய் நோட்டு, வாங்கியவர் பெயர், கூட இருந்தவர் யார் என்று தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டான். அது சட்டப்படி ரசீது ஆகாது. ஆனாலும் அதுவும் ஒரு துண்டுதான். இந்தத் துண்டை எழுதியவன் தொழிலாளி. அது அவன் பெட்டியில் போகிறது.

இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறான். நல்லபடியாகப் போய் வரட்டும்.