தழும்பை எங்கே ஒளிப்பது?

முதல் உலகப் போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1919இல், பாரிஸின் அறுவை மருத்துவர் ரேமோன் பாஸோ முகச் சுருக்கங்களைப் போக்கும் சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நெற்றி மடிப்புகளிலும் முடி தொடங்கும் ஓரத்திலும் தோலைச் சின்னச் சின்ன நீள்வட்டங்களாக வெட்டியெடுத்துத் தைத்துவிட்டால், தொய்ந்த புருவம் மேலே ஏறும் என்றார். அப்போது பாரிஸ், போரில் முகம் சிதைந்த சிப்பாய்களை ஒட்டித் தைத்துக் கை தேர்ந்திருந்த நகரம். அங்கேதான் அழகு அறுவை மருத்துவர் சுசான் நொயலும் இருந்தார். வயது தெரிந்தால் வேலை பறிபோகும் என்று அஞ்சி வந்த பெண்களுக்கு, வலிக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இதை வெறும் ஒப்பனை என்று ஒதுக்குபவர்கள் அவர் 1926இல் எழுதிய நூலின் தலைப்பையாவது பார்க்க வேண்டும்: அழகு அறுவைக்கு உள்ள சமூகப் பங்கு பற்றியது அது.

ஆனால் தோலுக்கு இழுவை தாங்காது. சில காலத்தில் நீண்டுகொடுக்கும். புருவம் பழையபடி இறங்கிவிடும்.

ஆகவே கத்தி ஆழமாகப் போனது, தழும்பு பின்னால் நகர்ந்தது. ஒரு காதின் மேலிருந்து மறு காது வரை, ஹேர்பேண்ட் வைக்கும் தடத்திலேயே உச்சந்தலையைக் கீறி, நெற்றியை மொத்தமாகப் பிரித்து மேலே இழுக்கும் முறை வந்தது. நியூயார்க்கின் ஹன்ட் 1926இலேயே இதைக் குறித்திருந்தாலும், 1962இல் மெக்சிகோவின் கோன்சாலெஸ் உல்லோவா எழுதிய பிறகே பரவியது. புருவம் நன்றாக நின்றது. தழும்பும் முடிக்குள் மறைந்தது. விலைதான் அதிகம்.

புருவ எலும்பிலிருந்து மேலேறும் நரம்பின் ஒரு கிளை உச்சந்தலைக்கு உணர்ச்சி தருகிறது. கீறல் அதன் குறுக்கே விழுவதால் பின்பக்கம் மரத்துப்போகும். சீப்பு படுவதே தெரியாது. மாதங்கள் கழித்து நரம்பு துளிர்க்கும்போது நமைச்சல் எடுக்கும், சொறிந்தாலும் அடங்காது. தையல் ஓரமாக முடி உதிரலாம். முன்னெற்றி முடியும் பின்னுக்குப் போகும் என்பதால், ஏற்கெனவே அகன்ற நெற்றி உள்ளவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்காக முடி தொடங்கும் கோட்டிலேயே கீறுவார்கள். கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் தழும்பை ஊடுருவி முடி முளைக்கும். அப்படியும் சிலருக்கு வெள்ளைக் கோடு தெரியும்.

எல்லாரும் அதிகம் பயந்தது புருவத்தை உயர்த்தும் தசைக்கு ஆணையிடும் நரம்புக்குத்தான். அது அறுந்தால் ஒரு பக்க நெற்றி அசையாது. காதருகிலிருந்து புருவ முனைக்கு மேல் வரை அது செல்லும் பாதையை பிரேசிலின் பிடாங்கி 1966இல் வரைந்து காட்டினார். அறுவை மருத்துவர்கள் இன்றும் அந்தக் கோட்டை மனத்தில் வைத்தே கத்தியை நகர்த்துகிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நிக்கனோர் இஸ்ஸேயும் அலபாமாவின் லூயிஸ் வாஸ்கோனெஸும் கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை நெற்றிக்குள் செலுத்தினார்கள். முடிக்குள் மூன்று முதல் ஐந்து சிறு கீறல்கள் போதும். தோலை வெட்டி எடுப்பதில்லை. எலும்பை ஒட்டிய சவ்வைப் புருவ விளிம்பில் விடுவித்து, நெற்றியை மேலே நகர்த்தி, ஸ்க்ரூவாலோ எலும்பில் துளையிட்டுப் போடும் தையலாலோ நிறுத்துவார்கள். மரப்பு குறைந்தது. ஆனால் முதல் வாரத்தில் வீக்கமும் கன்றலும் கண்ணிமை வரை இறங்கத்தான் செய்கின்றன. நடுப்புருவம் அளவுக்கு மீறி ஏறினால் முகத்தில் ஒரு திகைப்பு தங்கிவிடும். கனத்த நெற்றியைத் தாங்க இந்தப் பிடிப்பு போதுமா என்ற வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

முகவாதத்தில் ஒரு பக்கப் புருவம் சரிந்து பார்வையை மறைக்கும் முதியவருக்கோ, பாஸோவின் வழி இன்றும் கைகொடுக்கிறது. புருவத்துக்கு நேர் மேலேயே தோலை வெட்டி, உள்ளே கெட்டியாகப் பிடித்துத் தைக்கிறார்கள். மயக்கம் தரத் தேவையில்லை, மரப்பு ஊசியே போதும். தழும்பு புருவ முடியின் மேல்விளிம்பில் வெளிப்படையாகவே இருக்கும். மறைந்திருந்த பார்வை திரும்புவதால் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை.