ஜென்ம நட்சத்திர வழிபாடு – ஒரு வரலாற்றுப் பார்வை

பிறந்த நாள் கொண்டாடுவது மேனாட்டாரிடமிருந்து தமிழர் கற்ற பழக்கம் என்று எண்ணுவோர் உளர். மெழுகுவர்த்தியும் அணிச்சலும் அவ்வாறு வந்தவையே. ஆயினும், பிறந்த நாளைப் புனித நாளாகப் போற்றும் மரபு தமிழினத்தில் மிகத் தொன்மையானது.

பெருமங்கலமும் வெள்ளணியும்

அரசனது பிறந்த நாள் விழாவைத் தொல்காப்பியம் 'பெருமங்கலம்' எனக் குறிக்கின்றது. பின்னர் அது 'வெள்ளணி' என்றும் 'நாள்மங்கலம்' என்றும் வழங்கலாயிற்று. அந்நாளில் அரசன் சினமும் பகையும் நீக்கி, வெண்ணிற ஆடை பூண்டு, சிறைப்பட்டோரை விடுவித்து, இரவலர்க்கு வாரி வழங்கினான். பரிசு பெறும் நாளாக அன்றி, கொடையும் மன்னிப்பும் அளிக்கும் நாளாகவே அது விளங்கியது.

கோயிலில் விளங்கிய சதயம்

முதலாம் இராசராச சோழன் (985–1014) சதய நட்சத்திரத்தில் பிறந்தவன். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் திருச்சதய விழாவுக்குரிய நிவந்தங்களைக் குறிக்கின்றன. திங்கள்தோறும் சதயம் வருதலின், ஆண்டில் 12 நாட்கள் விழாவுக்குரியனவாயின. மன்னனின் பிறந்த நாள் அரண்மனைக்குள் அடங்காமல் இறைவனின் விழா நாளாயிற்று. ஐப்பசிச் சதய விழா இன்றளவும் அங்கு நடைபெறுகின்றது. வைணவ ஆலயங்களில் ஆழ்வார்களின் திருநட்சத்திரங்கள் போற்றப்படுவதும் இம்மரபைச் சார்ந்ததே. ஆண்டாளின் ஆடிப்பூரம் அனைவரும் அறிந்தது.

வழிபாட்டு முறை

பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் கூடும் நாளே சமய முறைப்படி பிறந்த நாளாகும். ஒரே மாதத்தில் அந்நட்சத்திரம் இருமுறை வரின், பிந்தியதைக் கொள்வது பொது வழக்கு. குழந்தையின் ஆண்டு நிறைவில் ஆயுஷ்ய ஹோமம் செய்து, மார்க்கண்டேயர் முதலிய சிரஞ்சீவிகளை வணங்குவர். 60 வயது நிறைவில் சஷ்டியப்த பூர்த்தியும், 80 வயதைக் கடந்தபின் சதாபிஷேகமும் நிகழும். மார்க்கண்டேயருக்காக இறைவன் காலனை உதைத்த தலமாகிய திருக்கடையூர் இவ்வழிபாடுகளுக்குச் சிறந்தது.

கடல் கடந்து வந்த மரபு

சிங்கப்பூரில் 1827ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டிலும் மாரியம்மன் ஆலயங்கள் தோன்றின. தோட்டங்களிலும் சிறு கோயில்கள் எழுந்தன. பாலும் உரமும் தேடி உழைத்த மக்களுள் பெரும்பாலோர்க்கு ஹோமம் செய்யும் வசதியில்லை. தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, சூடம் ஆகியவற்றுடன் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்யும் அர்ச்சனையே அவர்களது பிறந்த நாள் வழிபாடாயிற்று.

ஆனால், பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத் தேதி உண்டு, நட்சத்திரம் இல்லை. பெற்றோர் நினைவில் இருந்தது அவர்களுடனேயே மறைந்தது. அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் நட்சத்திரம் கேட்டால் மௌனமாக நிற்போர் பலர். அவர்கள் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்துகொள்கின்றனர். அதில் குறையில்லை, எனினும், இழந்ததை மீட்க வழியுண்டு.

பிறந்த தேதி, நேரம், ஊர் ஆகியவற்றைக் கொண்டு பழைய பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்தைக் கணிக்கலாம். ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிப்பதால், நேரம் தெரியாதவர்க்கும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று எனக் குறுகிவிடும். ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். தமிழகப் பஞ்சாங்கங்கள் இந்திய நேரத்தைப் பின்பற்றுவன. 1982 சனவரி முதல் மலேசிய, சிங்கப்பூர் நேரம் அதனினும் இரண்டரை மணி முந்தியது. போருக்குப் பின் 1981 முடிய, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வேறுபாடு இரண்டு மணியே. இதனைக் கருதாவிடின் நட்சத்திரம் மாறிவிடக்கூடும்.

பிள்ளை பிறந்த அன்றே தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் குறித்து வைத்தல் பெற்றோர் கடமை. அந்நாளில் ஆலயம் தொழுது, பெரியோரிடம் ஆசி பெற்று, இயன்ற அன்னதானம் செய்து, மனக்கசப்புற்ற உறவினரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்வதே பண்டைய வெள்ளணியின் உட்பொருளாகும். அதற்கு எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் துணை நிற்பதாக!