கராஜ் கதவும் காதங்கி ராடாரும்

கராஜ் கதவு ரிமோட்டுக்கு மசியவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அப்புறம் தரையிலிருந்து அரையடி உயரத்தில் எதிரும் புதிருமாக இருக்கும் சென்சார் கண்கள். ஒட்டடை இருந்தாலே போதும், கதவு இறங்காது. சுவர் ஸ்விட்சில் 'லாக்' விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தால் கை வைக்கவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். இதெல்லாம் நம் மக்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சுவர் ஸ்விட்சுக்குத் திறக்கிறது, ரிமோட்டுக்கு மட்டும் மாட்டேன் என்கிறது, பேட்டரியும் புதுசு. அந்தக் கேஸுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

2004-ல் ஃப்ளோரிடாவில் எக்ளின் விமானப்படைத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் கராஜ் கதவுகள் திடீரென்று சண்டித்தனம் செய்தன. 2005-ல் வர்ஜீனியாவில் குவான்டிகோ தளத்தின் அக்கம்பக்கத்திலும் அதே கதை. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ராணுவம் புது வயர்லெஸ் செட்டுகளைக் கொண்டுவந்தது. அவை பேசுவது 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். ஏராளமான கராஜ் ரிமோட்டுகள் பேசியது 390-ல்.

நான் பாங்க்கில் குப்பை கொட்டுகிறவன், எனக்கு இது பட்டா - புறம்போக்கு விவகாரமாகத்தான் படுகிறது. வீடு நம்முடையது, மெஷினுக்கு பில் இருக்கிறது. அலைவரிசைக்குப் பட்டா மட்டும் ராணுவத்தின் பேரில். அவர்கள் பல காலம் அங்கே அதிகம் புழங்காததால், சின்ன ரிமோட்டுகள் ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டன. லைசன்ஸ் இல்லாத கருவி பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடாது, தனக்கு வரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது எஃப்.சி.சி. விதி. ரிமோட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்தே இருக்கும். யார் படித்தார்கள்? நஷ்டஈடு கேட்க வழியில்லை. சொந்தக் காசில் வேறு அலைவரிசை ரிசீவர் வாங்கி மாட்ட வேண்டியதுதான்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சட்டம் புதிதல்ல. 1933-ம் வருஷ வயர்லெஸ் சட்டத்தின்படி நம் நாட்டில் ரேடியோ கேட்பதற்கே லைசன்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கணும். எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அப்பா அந்தப் புஸ்தகத்தை எல்.ஐ.சி. பாலிசியோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்!

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி என்று ஓர் ஊர். சுற்றிலும் குன்றுகள். அங்கே 130 மீட்டர் சதுரத்தில் 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த எம்.எஸ்.டி. ராடார் அது. விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்று 2005-ல் பெயர் மாறியது. 53 மெகாஹெர்ட்ஸில், ஆரம்ப நாட்களில் உச்சத்தில் 25 லட்சம் வாட் சக்தியை வானத்தைப் பார்த்து அனுப்பியது. மேகம் கூட இல்லாத வெறும் காற்றில் பட்டுத் திரும்பி வருவது துளியூண்டு எதிரொலி. அதை வைத்துத்தான் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் அடிக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எதிரொலி காதில் விழ வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கூடாது.

கராஜ் கூரையில் தொங்கும் ரிசீவரும் அப்படித்தான், முணுமுணுப்பைக் கேட்டுக் கதவு திறக்கும் பிராணி. காதங்கிக்கு சர்க்கார் துணை இருக்கிறது. இதற்கு நாதி கிடையாது.

எதிரி ராணுவமாகத்தான் இருக்கணும் என்றில்லை. மெஷினில் மாட்டியிருக்கும் மலிவான எல்.ஈ.டி. பல்பே இரைச்சல் போடும். பல்பைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். திறந்தால் பல்பை மாற்றினால் போதும். திறக்காமல், கிட்டே போனால் மட்டும் வேலை செய்தால், ஸ்டிக்கரில் 390 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 315-ல் பேசும் ரிசீவர் ரிமோட்டோடு தனியாகக் கிடைக்கிறது. மெஷினையே மாற்றச் சொல்கிற ஆளிடம், முதலில் இதைக் கேளுங்கள்.