சவுதார் குளம்: வழக்கில் இல்லாத நகராட்சி

'சவுதார்' என்னும் மராத்திச் சொல்லுக்குச் 'சுவை மிக்க' என்பது பொருள். கொங்கணப் பகுதியில், அன்றைய கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்த மகாத் என்னும் சிறு நகரின் பொதுக்குளம் அப்பெயரால் வழங்கியது. 1927ஆம் ஆண்டுப் போராட்டத்தின் களமாக அக்குளத்தைப் பலரும் அறிவர். ஒரு நகராட்சியின் நீர் நிர்வாக வரலாறாக அதை வாசித்தவர் சிலரே.

சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் தீண்டப்படாத மக்கள் கடைவீதிக்காகவும், கிராமப் பணியாளர் என்ற முறையில் கடிதம் சேர்க்கவும் வரிப்பணம் செலுத்தவும் மகாத் வந்து சென்றதை அம்பேத்கர் தம் கட்டுரையொன்றில் விவரிக்கிறார். வெளியூரார் தண்ணீர் பெறத்தக்க பொது நீர்நிலை சவுதார் குளம் ஒன்றே. அது அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. எஞ்சியது அவர்தம் குடியிருப்பிலிருந்த ஒரு கிணறு. நகர மையத்திலிருந்து தள்ளியிருந்த அக்கிணற்றை நகராட்சி கவனியாது விட்டமையால் அது தூர்ந்து கிடந்தது. தூர் வாராமல் விடுவதும் விலக்கி வைக்கும் முறைகளுள் ஒன்றுதான்.

பொது நிதியில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை எஸ். கே. போலே முன்மொழிய, பம்பாய்ச் சட்டமன்றம் 1923 ஆகஸ்ட் 4 அன்று நிறைவேற்றியது. 1924இல் மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் எவரும் இறங்கவில்லை. 1927 மார்ச்சில் கூடிய மாநாட்டுக்கே சாதி இந்துக்களிடமிருந்து 40 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்க நேர்ந்தது. மார்ச் 20 அன்று பேராளர்கள் ஊர்வலமாகச் சென்று குளத்து நீரைப் பருகினர். தொடர்ந்து அவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர் பஞ்சகவ்வியம் கலந்த 108 குடங்களைக் கொண்டு குளம் 'தூய்மை' செய்யப்பட்டது.

ஆகஸ்ட் 4 அன்று, சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறிய நான்காண்டு நிறைவு நாளிலேயே, நகராட்சி தன் 1924 தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. நாள் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம், செயல் அத்தகையதன்று.

டிசம்பரில் சாதி இந்துக்கள் சிலர் அம்பேத்கர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றனர். அம்மாதம் கூடிய இரண்டாம் மாநாடு தடையை மதித்துக் குளத்தில் இறங்கவில்லை. வழக்கோ ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டு, கீழ் நீதிமன்றங்களைக் கடந்து பம்பாய் உயர்நீதிமன்றம் சேர்ந்தது. 1937 மார்ச் 17 அன்று நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர்.

இத்தீர்ப்பைச் சமத்துவத்தின் வெற்றியாக நினைவுகூர்வது மரபு. விளைவை நோக்கின் அது பொருந்தும். காரணத்தை நோக்கினால் பொருந்தாது. தீண்டப்படாதாரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை என்பதே நீதிமன்றத்தின் முடிபு. மெய்ப்பித்திருந்தால், அவ்வழக்கம் பொதுநலக் கொள்கைக்கு முரணானதா என ஆராய வேண்டியிருந்திருக்கும் என்று தீர்ப்பு குறிப்பிட்டு, அக்கேள்விக்குள் புகாமலேயே நின்றுகொண்டது.

அதனினும் கருதத்தக்க இடம் ஒன்று அதே பகுதியில் உண்டு. குளம் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. அவ்வாறு இருப்பதன் சட்ட விளைவு யாது, நகராட்சியே தரப்பினராக இல்லாத வழக்கில் வாதிகளுக்குத் தீர்வு வழங்க இயலுமா என்ற வினாக்களும் விடையின்றி விடப்பட்டன. குளத்தைத் திறந்ததும் நகராட்சி, மூடியதும் நகராட்சி, கிணற்றைத் தூரவிட்டதும் நகராட்சி. அந்நகராட்சி இவ்வழக்கில் வாதியும் அன்று, பிரதிவாதியும் அன்று.

பொது நிதியால் பராமரிக்கப்படுவது எவருக்கு உரியது என்பதற்கான விடை 1950இல் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுபவை என்று அது வரையறுக்கும் முறை, 1923ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் சொல்லமைப்புக்கு வெகு அருகில் நிற்கிறது.