மாதம் பார்த்து நடும் நாடு: இங்கிலாந்தின் தோட்டக் குறிப்பேடுகளும் புல்தரையும்

இங்கிலாந்தில் செடி விற்கும் நிலையங்கள் ஒவ்வொரு மாதமும் வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பு தருவது வழக்கம். மார்ச்சில் புல்தரையின் முதல் வெட்டு, மே கடைசியில் பூ நாற்று நடவு, செப்டம்பரில் புல்விதை, நவம்பரில் டியூலிப் கிழங்கு என்று அது போகும். இப்படி மாதம் பார்த்து அறிவுரை சொல்லும் வழக்கத்துக்கு 450 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அங்கே குளிர்காலத்தில் மண் உறைகிறது. வசந்தம் பிறந்த பிறகும் மே மாதம் வரை உறைபனி திரும்பி வரும். ஒரு வாரம் முந்தி நட்டால் நாற்று ஓர் இரவில் கருகிவிடும். அதனால் எதை எப்போது செய்வது என்பதே தோட்டக்காரரின் முதல் பாடமாக இருந்தது.

1557இல் தாமஸ் டஸ்ஸர் என்ற விவசாயி, பண்ணை வேலைக்கான நூறு அறிவுரைகளைச் செய்யுளாக அச்சிட்டார். 1573இல் அது ஐந்நூறாக விரிந்தது. பண்ணையாட்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில், மனத்தில் நிற்பதற்குச் செய்யுள்தான் ஏற்ற வடிவம். ஆனால் அது முழுப் பண்ணைக்குமான நூல். தோட்டம் அதில் ஒரு மூலையில் மட்டுமே இருந்தது.

தோட்டத்துக்கென்றே ஒரு மாதக் குறிப்பேட்டை 1664இல் ஜான் ஈவ்லின் வெளியிட்டார். மரம் வளர்ப்பு பற்றி அவர் எழுதிய 'சில்வா' என்ற புகழ்பெற்ற நூலின் பின்னிணைப்பாக 'கலெண்டாரியம் ஹார்ட்டென்ஸ்' வந்தது. லண்டனை அடுத்த டெட்ஃபோர்டில் ஈவ்லினுக்கே பெரிய தோட்டம் இருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் பழத்தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் செய்யவேண்டியவை ஒரு பக்கம், பூந்தோட்ட வேலைகள் இன்னொரு பக்கம், அந்த மாதம் கனியும் பழங்களும் பூக்கும் பூக்களும் தனியே என்று அவர் பகுத்தார். அக்டோபரில் மண் இளகியிருப்பதால் புல் நடைபாதைகளை அப்போது தட்டி, உருளை ஓட்டிச் சமன் செய்யலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. இன்றைக்கு அந்த நூலைப் படிப்பவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இங்கிலாந்து பழைய நாட்காட்டியைக் கைவிட்டது 1752இல்தான். ஈவ்லினின் ஏப்ரல் முதல் தேதி இன்றைய கணக்கில் ஏப்ரல் 11.

வணிகர்களும் விரைவிலேயே மாதக் கணக்கைக் கையில் எடுத்தார்கள். லண்டனின் கென்சிங்டன் பகுதியில் நர்சரி நடத்திய ராபர்ட் ஃபர்பர், 1730இல் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பூச்சாடிப் படங்களை வெளியிட்டார். பீட்டர் காஸ்டீல்ஸ் வரைய, ஹென்றி ஃப்ளெட்சர் செப்புத்தகட்டில் செதுக்கினார். அந்தந்த மாதம் பூக்கும் செடிகள் மொத்தம் 400க்கு மேல் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு பூவுக்கும் ஓர் எண், கீழே அதன் பெயர். சுவரில் மாட்டும் ஓவியம், வாங்கத் தூண்டும் விலைப்பட்டியல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. செடி வணிகம் கண்ட விளம்பரங்களில் இதைவிட அழகானதைச் சொல்வது கடினம்.

ஈவ்லினின் நூல் நிலக்கிழார்களுக்கானது. அந்த அறிவைச் சிறிய வீட்டுக்காரரிடம் கொண்டுசேர்த்த பெருமை ஜான் அபர்குரோம்பிக்கு உரியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர் தோட்ட வேலையிலேயே வளர்ந்தவர். 1767இல் 'ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தோட்டக்காரர்' என்ற பொருள்படும் தலைப்பில் இவர் எழுதிய நூல், ஜனவரி முதல் டிசம்பர் வரை வேலைகளை விரிவாகச் சொன்னது. தம் பெயரை யாரும் அறியமாட்டார்கள் என்று அஞ்சி, லீட்ஸ் கோமகனின் தலைமைத் தோட்டக்காரரான தாமஸ் மாவின் பெயரை 20 பவுன் கொடுத்து வாங்கி முகப்பில் போட்டார். ஒரு வரிகூட எழுதாதவர் பெயரில் நூல் விற்றது. பிற்காலப் பதிப்புகளில்தான் இருவர் பெயரும் வந்தன. தலைமுறைகள் தாண்டியும் அது மறுபதிப்பு கண்டது.

இந்த நூல்கள் எதனாலும் புல்தரையைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. புல்லுக்கென்று தேர்ந்த விதை கிடைக்காத காலத்தில் மேய்ச்சல் நிலத்துப் புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டியெடுத்துப் பதித்தார்கள். பிறகு நீண்ட பிடியுள்ள அரிவாளால் அதைச் சீராக வெட்டத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். ஈரப் புல்தான் அரிவாளுக்கு வாகாக நிற்கும். எனவே விடியலில், பனித்துளி உலருமுன் வேலையை முடிக்கவேண்டும். வெட்டிய புல்லைக் கூட்டிப் பெருக்கப் பெண்களும் சிறுவர்களும் பின்னால் வருவார்கள். இவ்வளவு கூலி கொடுக்க இயன்றவருக்கே புல்தரை வாய்த்தது. நிலவடிவமைப்பாளர் லான்சலாட் பிரௌன் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த பெரும் புல்வெளிகளில் வீட்டுக்குத் தொலைவான பகுதிகளை ஆடுமாடுகளே மேய்ந்து கட்டுக்குள் வைத்தன.

மாற்றம் ஒரு கம்பளி ஆலையிலிருந்து வந்தது. குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் நகரை அடுத்த துணி ஆலைகளில், கம்பளித் துணியின் மேல் எழும் இழைகளைச் சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒரே மட்டமாகக் கத்தரித்தது. அதே உருளை புல்லையும் கத்தரிக்கும் என்று எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் கண்டார். ஜான் ஃபெராபீ என்ற தொழிலதிபர் பணம் போட, 1830 ஆகஸ்ட் 31இல் காப்புரிமை கிடைத்தது. முதல் இயந்திரத்தின் அகலம் 19 அங்குலம். பின்னால் ஒருவர் தள்ள, பின்னுருளையின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் பன்மடங்காக்கிக் கத்திக்குக் கொடுத்தன. லண்டன் விலங்கியல் தோட்டம் முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. ஆறு முதல் எட்டு ஆட்கள் அரிவாளும் துடைப்பமும் கொண்டு செய்யும் வேலையை இருவர் முடிக்கிறார்கள் என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சாட்சி சொன்னார். 1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனமும் உரிமம் பெற்றுத் தயாரிப்பில் இறங்கியது. அரிவாளுக்கு ஈரம் வேண்டும், இயந்திரத்துக்கு உலர்ந்த புல் வேண்டும். விடியல் வேலை பகல் வேலையாயிற்று. அலுவலகம் போய்வந்தவரும் மாலையில் தம் புல்லைத் தாமே வெட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று.

விதை வீடு தேடி வரவும் வழி பிறந்தது. 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. அதே ஆண்டு ரெடிங் நகருக்கு ரயிலும் வந்தது. அங்கே 1806 முதல் இயங்கிய சட்டன்ஸ் விதைக் கடை நாடெங்கும் விதை அனுப்பத் தொடங்கியது. முளைக்காதபடி கொன்ற விதையைக் கலந்து விற்கும் மோசடியை 1869ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

இரண்டாம் உலகப் போரில் மாதக் குறிப்பு அரசின் குரலாக ஒலித்தது. வானொலியில் தோட்ட நிபுணர் சி. எச். மிடில்டன் வாராவாரம் பேசினார். 1945இல் வேளாண் அமைச்சகம் காய்கறி வளர்ப்போருக்கு மாதமொரு வழிகாட்டி வெளியிட்டது. புல்தரைகள் உருளைக்கிழங்குப் பாத்திகளாயின. லண்டன் கோபுரத்தின் அகழியிலும் காய்கறி விளைந்தது.

போருக்குப் பின் வந்த மாற்றம் நடவுப் பட்டத்தையே தளர்த்தியது. அதுவரை மரமும் ரோஜாவும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி விற்கப்பட்டன. இலையுதிர்ந்து செடி உறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அது முடியும். 1930களில் ஜான் இன்னெஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இருவாட்டி மண் 7, பீட் எனும் சதுப்பு நில மக்கு 3, மணல் 2 பங்கு சேர்த்து நம்பகமான தொட்டி மண்ணை வகுத்திருந்தார்கள். அமெரிக்காவில் தகர டப்பாவில் செடி வளர்த்து விற்கும் முறையும் பரவியிருந்தது. 1950களின் நடுவில் இங்கிலாந்திலும் அத்தகைய விற்பனை நிலையங்கள் தோன்றின. பிளாஸ்டிக் தொட்டி மலிவானதும் பெருகின. பூத்த நிலையிலேயே ஜூலையில் ரோஜாவை வாங்கிக் காரில் வைத்து வரலாம் என்பது புதிய பழக்கம். வாங்குவது எளிதாயிற்று, கோடையில் நட்ட செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் கடமையும் கூடவே சேர்ந்தது.

புல்தரை மட்டும் தொட்டிக்குள் அடங்கவில்லை. 1940களில் கண்டறியப்பட்ட 2,4-டி களைக்கொல்லி, புல்லை விட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொன்றது. புல்லோடு வளர்ந்து மண்ணுக்குத் தழைச்சத்து கொடுத்த குளோவரும் அதில் அழிந்தது பெரிய இழப்பு. அந்தச் சத்தைப் பிறகு உர மூட்டையில் வாங்கவேண்டியதாயிற்று. குளிர்காலம் மிதமாகிவிட்டதால் முன்பு மார்ச்சில் தொடங்கிய வெட்டு இப்போது சில ஆண்டுகளில் பிப்ரவரியிலேயே தேவைப்படுகிறது. விதைப்பு மட்டும் பெரிதாக நகரவில்லை. கோடையின் சூடு மண்ணில் மிச்சமிருக்க, மழையும் தொடங்கும் செப்டம்பரே இங்கிலாந்தில் புல் விதைக்க இன்றும் சிறந்த மாதம், அதற்கடுத்தது ஏப்ரல்.