ஒரே ஊசி, ரெண்டு நியாயம்

பயிற்சி மருத்துவரா இருந்த காலத்துல ஒரு ராத்திரி. ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது (அது தப்பு, போடவே கூடாது) விரல்ல குத்திருச்சு. நோயாளிக்கு எச்ஐவி. அரை மணி நேரத்துல சீனியர் அண்ணன் மாத்திரையைக் கையில கொடுத்துட்டாரு. 28 நாள் சாப்பிட்டேன். ஒன்னும் ஆகல. "உன் ஒழுக்கம் என்ன?"ன்னு யாரும் கேக்கல.

போதைக்காகக் கூட்டாளியோட ஊசியை வாங்கிப் போட்டுக்கிட்ட ஒருத்தர் அதே வார்டுக்கு வந்தா? கேள்விதான் முதல்ல வரும். மாத்திரை வருமான்னு சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்க. எனக்குக் குத்துன மாதிரி 10,000 முறை குத்தினா, சுமார் 23 பேருக்குத் தொற்று வரும். எச்ஐவி உள்ளவர் போட்ட ஊசியைப் பகிர்ந்தா 63. ஆபத்து யாருக்கு அதிகம்?

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

எச்ஐவிக்கு முதல் மருந்து ஏஇசட்டி. 1987ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்கள் இதைச் சாப்பிட்டா தொற்று ஆபத்து சுமார் 81% குறையுதுன்னு 1997ல ஆய்வு வெளியாச்சு. வெள்ளைக் கோட்டுக்கு வழி பிறந்தது.

நம்ம நாட்டுல? சென்னையில 1986ல டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் நிர்மலாவும் முதல் தொற்றுகளைக் கண்டுபிடிச்ச கதை பலருக்குத் தெரியும். மணிப்பூர் கதைதான் அதிகம் பேசப்படல. மியான்மர் எல்லை வழியா ஹெராயின் போற பாதை அது. 1989 கடைசியில முதல் தொற்று தெரிஞ்சது. ஒரு வருஷத்துக்குள்ள, பரிசோதனைக்கு வந்த ஊசி போதைக்காரங்கள்ல பாதிப் பேர் அளவுக்குத் தொற்று. சரக்கு கடந்து போற ஊர்ல கொஞ்சம் சிந்தும். சிந்துறது அந்த ஊர்ப் பிள்ளைங்க நரம்புல ஏறும். பட்டுத் தெரிஞ்ச மணிப்பூர் 1996லயே தனியா ஒரு எய்ட்ஸ் கொள்கை வகுத்துச்சு.

தூத்துக்குடிக்காரன் இதை ஏன் எழுதுறேன்னு கேப்பீங்க. நாமளும் பாதையிலதான் இருக்கோம். 2020 நவம்பர்ல நம்ம கடலுக்குத் தெற்கே கடலோரக் காவல்படை மடக்கின இலங்கைப் படகுல கிட்டத்தட்ட 100 கிலோ ஹெராயின். போதாததுக்கு, வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்துற பழக்கம் தமிழ்நாட்டுல பரவுது.

இப்ப பாங்காக்குக்கு வாங்க. ஊசி போட்டுக்கிறவங்க தினமும் டெனோஃபோவிர் சாப்பிட்டா, தொற்று வர்றதுக்கு முன்னாடியே தடுக்க முடியுமா? 2005ல ஆய்வு தொடங்கினாங்க. 2,413 பேர். மருந்து சாப்பிட்ட குழுவுல 17 பேருக்குத் தொற்று, வெத்து மாத்திரைக் குழுவுல 33. சுமார் 49% பாதுகாப்பு. ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கு இன்னும் கூடுதல். 2013ல லான்செட்ல வந்தது. இதுல ஒரு உறுத்தல் உண்டு. அமெரிக்க அரசுப் பணத்துல நடந்த அந்த ஆய்வுல பங்கேற்றவங்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கல. ப்ளீச் கொடுத்தாங்க, மெத்தடோன் கொடுத்தாங்க. தாய்லாந்து போதைப் பயனாளர் அமைப்பு எதிர்த்துச்சு. அவங்க பக்கம் நியாயம் இருந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

மாத்திரைக்குப் பஞ்சமா? இல்லவே இல்ல. டெனோஃபோவிர் காப்புரிமையை 2009ல நம்ம காப்புரிமை அலுவலகம் நிராகரிச்சது. எதிர்த்து நின்னவங்கள்ல எச்ஐவி உள்ளோர் அமைப்புகளும் உண்டு. இந்தியாவுல செஞ்சு ஏழை நாடுகளுக்கெல்லாம் அனுப்புறோம். 2022ல நாக்கோ முன்தடுப்பு மாத்திரைக்கு வழிகாட்டு நெறிமுறையும் போட்டுச்சு. ஆனா ஏஆர்டி மாத்திரை இலவசமா கிடைக்கிற மாதிரி இது இன்னும் எல்லாருக்கும் கிடைக்கல. 2021 கண்காணிப்புக் கணக்குப்படி நாட்டுல ஊசி போதைப் பழக்கம் உள்ளவங்கள்ல 9.03% பேருக்கு எச்ஐவி. பொதுமக்கள்ல 0.21%.

"போதைக்காரனுக்கு அரசாங்கக் காசுல மாத்திரையா?"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். நம்ம முத்துக்குளிப்பையே எடுத்துக்கோங்க. சுறாவோட வாயைக் கட்ட மந்திரம் ஓதுற கடல்கட்டிக்கு வெள்ளைக்கார அரசாங்கமே கூலி கொடுத்துச்சு. அவங்களுக்கு மந்திரத்துல நம்பிக்கையா? கிடையாது. அவர் இல்லாம முக்குளிக்கிறவங்க தண்ணியில இறங்க மாட்டாங்க, அவ்வளவுதான். நான் கேக்குறது மந்திரம்கூட இல்ல, ஆய்வுல ஜெயிச்ச மாத்திரை.

மாத்திரை மட்டும் போதாது, அதையும் சொல்லிடுறேன். ஹெபடைடிஸ் சி-யை அது தடுக்காது. அதுக்குப் புது ஊசி வேணும். பழக்கத்துல இருந்து மீள நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரெனார்ஃபின் வேணும். இதெல்லாம் கொடுக்கிறது குற்றமில்லன்னு 2017 எச்ஐவி சட்டத்தோட 22ஆம் பிரிவு சொல்லுது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது ஊசியைப் பகிர்ந்துட்டாங்கன்னா, 72 மணி நேரம்தான் இருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடிக்கிறது, அழுறதெல்லாம் அப்புறம். நேரா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. "ஊசி பகிர்ந்துட்டான், தடுப்பு மாத்திரை வேணும்"னு வாய்விட்டுக் கேளுங்க. எந்த வழியில ஆபத்து வந்தாலும் இந்த மாத்திரை கொடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2014லயே சொல்லிடுச்சு. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கு, இலவசம், ரகசியம் காப்பாங்க. சந்தேகம்னா 1097க்குக் கூப்பிடுங்க.